அம்மாவுக்கு மட்டுமே தெரிந்தவை: அறிவுசார் குறைபாடுள்ளவருக்குக் குடும்பம் துணைநிற்கும் முறை

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுடன் ஒருவர் வாழும் வீடுகளில், அவரைப் பற்றிய விவரம் முழுவதும் பெரும்பாலும் ஒரே ஒருவரின் தலைக்குள்தான் இருக்கிறது. அந்த ஒருவர் அநேகமாகத் தாயாராக இருப்பார். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, எந்தச் சத்தத்துக்கு மிரளுவார், வலித்தால் எப்படிக் காட்டுவார் என்பதெல்லாம் தாயாருக்கு அத்துப்படி என்பதாலேயே அதை யாரும் எழுதிவைப்பதில்லை. மருத்துவமனை, பள்ளி, அரசு அலுவலகம், வங்கி என்று எங்கே போனாலும் குடும்பம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: சொல்வதற்கு நிறைய இருக்கும், காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது. தாயார் காய்ச்சலில் படுத்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். எதை எந்த வரிசையில் தாளில் ஏற்ற வேண்டும், அதை வைத்து யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டுக் குடும்பங்களை மனத்தில் கொண்டு இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு

கைபேசியில் வேண்டாம், அட்டை போட்ட நோட்டே நல்லது. வீட்டுக்கு வரும் சித்தியோ பக்கத்து வீட்டுக்காரரோ எடுத்துப் படிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, இரத்த வகை, தற்போது எடுக்கும் மருந்துகளும் அவற்றின் அளவும், ஒவ்வாத மருந்துகள், வலிப்பு வந்திருந்தால் கடைசியாக எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது ஆகியவை இருக்கட்டும். அடுத்த பக்கங்களில் எழுத வேண்டியவைதான் உண்மையில் விலைமதிப்புள்ளவை. “இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக் கொடுத்தால்தான் விழுங்குவார். தட்டில் பொரியலும் கூட்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் எழுந்துவிடுவார். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுவார். பின்னாலேயே போகாமல், மிக்ஸியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் தானே இறங்கி வருவார். பல் வலித்தால் கன்னத்தைத் தொட்டுக் காட்ட மாட்டார், தலையணையைக் கடிப்பார்.” இப்படி எழுத வேண்டும். “பிடிவாதக்காரர்”, “சாது” போன்ற சொற்கள் முன்பின் தெரியாதவருக்கு எந்த விதத்திலும் உதவா.

இந்த நோட்டின் முதல் பயன் மருத்துவமனையில் தெரியும். பேச்சு வராதவர் திடீரெனத் தலையில் அடித்துக்கொண்டாலோ உணவை மறுத்தாலோ, “இவர்களுக்கு இது சகஜம்தானே” என்று நடத்தைக்கான மாத்திரையோடு அனுப்பிவிடும் மருத்துவர்கள் உண்டு. காதுத் தொற்று, மலச்சிக்கல், பல் சொத்தை, மாதவிடாய் வலி ஆகிய எதுவும் அப்படி வெளிப்படலாம். ஆகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டியது, வழக்கமாக இவர் எப்படி இருப்பார், எந்த நாளிலிருந்து என்ன மாறியது என்பதுதான். நோட்டைத் திறந்து தேதியோடு காட்டினால் மருத்துவரின் கேள்விகளே மாறிவிடும். மருத்துவர் உங்களைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தால், கேள்வியை ஒருமுறை நோயாளியின் பக்கம் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். அவரால் பதில் சொல்ல முடியாவிட்டாலும், தன் உடம்பைத் தொடப்போகிறவர் தன்னிடம் பேசுகிறார் என்பதை அவர் உணர்வார். ஊசி போடும்போது அது நிச்சயம் உதவும்.

சான்றிதழ் நாளில் பெருமை பேசாதீர்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான உதவிகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு பாதிப்பு என்று சான்று இருக்க வேண்டும். விண்ணப்பத்தை மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் பதிந்து, அரசு மருத்துவமனையிலோ மாவட்ட நிர்வாகம் நடத்தும் முகாமிலோ மதிப்பீட்டுக்குச் சென்றால், சான்றும் மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டையும் கிடைக்கும். அங்கே நடப்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஆட்டிசத்துக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்று பயன்படுகிறது. அறிவுசார் குறைபாட்டுக்கு நுண்ணறிவுச் சோதனையோடு, அன்றாட வாழ்வை எவ்வளவு தானாக நடத்துகிறார் என்பதைப் பெற்றோரிடம் கேட்டு அளக்கும் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலும் உண்டு.

சிக்கல் இங்கேதான் வருகிறது. “தானாகக் குளிப்பாரா?” என்று உளவியலாளர் கேட்டதும், “நன்றாகக் குளிப்பான்” என்று தந்தையார் நிமிர்ந்து பதில் சொல்வார். தண்ணீரை விளாவி வைப்பதும், சோப்பை எடுத்துக் கையில் கொடுப்பதும், முதுகைத் தேய்த்துவிடுவதும், போதும் என்று சொல்லி வெளியே அழைப்பதும் தாயார். அது அந்தப் பதிலில் இல்லை. பிள்ளையைப் பற்றி நாலு பேர் முன் குறைவாகச் சொல்ல எந்தப் பெற்றோருக்கும் மனம் வராதுதான். ஆனாலும் அந்த ஒரு நாளில், ஒவ்வொரு செயலிலும் யாருடைய கை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். நோட்டைக் கொண்டுபோனால் இதுவும் எளிதாகும். மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். சிறுவயதில் தரப்படும் சான்று பெரும்பாலும் தற்காலிகமானது என்பதால், அதன் காலாவதித் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.

சான்று கைக்கு வந்ததும் அடுத்தடுத்துச் செய்யக்கூடியவை சில. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான இந்தத் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைப் பெறலாம். சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை இல்லை. தெரபி செலவுக்கும் அதில் ஓரளவு இடம் உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், ரசீதுகளைத் தொலைக்கக் கூடாது. துணையின்றிப் பயணிக்க இயலாதவருக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. பெற்றோர் பழைய வருமான வரி முறையில் இருந்தால் ஆண்டுக்கு 75,000 ரூபாய்க்கும், பாதிப்பு 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய்க்கும் வரிக்குரிய வருமானத்தில் கழிவு கேட்கலாம்.

பள்ளியோடு எழுத்தில் பேசுங்கள்

40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்புள்ள குழந்தை 6 வயது முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. எந்தப் பள்ளி என்பது பெற்றோரின் தேர்வு. நடைமுறையில் எந்தப் பள்ளியும் “சேர்க்க மாட்டோம்” என்று நேராகச் சொல்வதில்லை. “இங்கே வசதி போதாது, உங்கள் குழந்தையின் நல்லதுக்குத்தான் சொல்கிறோம்” என்பார்கள். இதற்குச் சண்டை போட்டுப் பயனில்லை. அதே கருத்தை எழுத்தில் தருமாறு பணிவாகக் கேளுங்கள். பல இடங்களில் பேச்சு அங்கேயே மாறிவிடும். மாறாவிட்டால், நடந்ததைத் தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதி, முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் அனுப்புங்கள். மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி நோட்டில் ஒட்டிவையுங்கள்.

சேர்த்த பிறகு, பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைச் சந்தித்து, இந்த ஆண்டில் குழந்தை எதைக் கற்க வேண்டும் என்பதை அளவிடக்கூடிய சொற்களில் எழுதிக் கேளுங்கள். “முன்னேற்றம் காட்டுவான்” என்பதை ஏற்காதீர்கள். “பத்து ரூபாய் நாணயத்தையும் ஐந்து ரூபாய் நாணயத்தையும் வேறுபடுத்துவான்” என்றால் ஏற்கலாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளை ஹால் டிக்கெட் வரும்வரை காத்திருந்து கேட்டால் கிடைக்காது. பள்ளி வழியாக முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

பதினெட்டு வயதில் மாறுவது என்ன

வீட்டைப் பொறுத்தவரை அந்தப் பிறந்தநாளில் எதுவும் மாறுவதில்லை. சட்டத்தின் பார்வையிலோ அன்றோடு பெற்றோரின் இயற்கைப் பாதுகாவலர் நிலை முடிந்துவிடுகிறது. வங்கிக் கணக்கைத் தொடங்கவோ, சொத்தில் கையெழுத்திடவோ பெற்றோருக்குத் தாமாக அதிகாரம் இல்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் உள்ளூர் குழு உள்ளது. பெற்றோரோ உறவினரோ அதற்கு விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் போக வேண்டியதில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நியமனமானவர் 6 மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும்; ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதங்களுக்குள் கணக்கும் காட்ட வேண்டும். வங்கி இந்தச் சான்றை ஏற்கத் தயங்கினால், உள்ளூர் குழுவின் சான்றை ஏற்குமாறு ரிசர்வ் வங்கி 2007-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருப்பதை மேலாளருக்கு எழுத்தில் நினைவூட்டுங்கள்.

ஆனால், எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் பாதுகாவலர் வேண்டும் என்று நான் கருதவில்லை. பாதுகாவலர் தேவையா, எந்தக் காரியங்களுக்குத் தேவை என்பதைக் குழு பரிசீலிக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும், அவருடைய விருப்பத்தைக் கலந்து செயல்படும் வரம்புடைய பாதுகாவலர் முறையையே முன்வைக்கிறது. சில்லறை எண்ணத் தெரிந்தவர், தனக்கு எந்தச் சட்டை வேண்டும் என்று சொல்பவர், ஒரு பட்டறையில் காகிதப் பை ஒட்டிச் சம்பாதிப்பவர் ஆகியோருக்கு நிலத்துக்கும் வங்கி வைப்புக்கும் மட்டும் துணை போதும். அவருக்கு வாக்காளர் அட்டையும் வாங்கிக் கொடுங்கள். சித்த சுவாதீனமற்றவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தாலன்றி, அந்தக் காரணத்தால் ஒருவரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுக்க முடியாது.

தனக்காகத் தானே பேசும் பழக்கத்தை இதற்கெல்லாம் முன்பே, சிறுவயதிலேயே தொடங்க வேண்டும். இரண்டு பொருள்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டு, அவர் காட்டியதையே கொடுங்கள். “வேண்டாம்” என்று அவர் சொன்னால் அது செல்லுபடியாகட்டும். அத்தை ஆசையாகக் கன்னத்தைக் கிள்ளும்போதும் அது செல்ல வேண்டும். வீட்டில் மதிக்கப்படாத “வேண்டாம்” வெளியே, தீய எண்ணத்தோடு நெருங்குபவரிடம், வாயில் வராது. அப்படி ஏதேனும் நடந்துவிட்டால், காவல்துறையிடம் வாக்குமூலம் பதிவாகும்போது சிறப்பாசிரியரின் உதவியைக் கேட்கும் உரிமை உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

“அண்ணன் பார்த்துக்கொள்வான்”

பல வீடுகளில் இந்த வாக்கியம் அண்ணனைக் கேட்காமலே சொல்லப்படுகிறது. உடன்பிறந்தவர்களைத் தனித்தனியே உட்காரவைத்து, எதற்கு ஒப்புகிறார்கள், எதற்கு ஒப்பவில்லை என்று கேளுங்கள். பணம் மட்டும் தர முடியும் என்றால் அதுவும் நேர்மையான பதில்தான். வரன் பேசும்போது இப்படி ஒருவர் வீட்டில் இருப்பதை மறைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படி மறைத்து வீட்டுக்கு அழைத்துவந்த மருமகளிடமிருந்து பின்னாளில் ஒத்துழைப்பை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி, நோயோ குறைபாடோ காரணமாக யாரும் வாரிசுரிமையை இழப்பதில்லை. உயில் எழுதாமல் தந்தையார் காலமானால் இவருக்கும் சம பங்கு உண்டு. இதைத் தெரிந்துகொண்டே, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் இவருடைய கைரேகையை வாங்க முனையும் உறவினர்கள் இருக்கிறார்கள். ஆகவே இரண்டு சாட்சிகளுடன் உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். சொத்து கணிசமாக இருந்தால் அவர் பெயரில் குடும்ப அறக்கட்டளை ஏற்படுத்துங்கள்; அவரைக் கவனிப்பவரும் பணத்தைக் கையாள்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். பெற்றோர் அரசு ஊழியராக இருந்தால், சொந்தமாகச் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி உண்டு. பணியில் இருக்கும்போதே அவர் பெயரைக் குடும்ப விவரத்தில் சான்றோடு சேர்த்துவிட்டால், பிறகு அலைய வேண்டியிராது.

கடைசியாக, ஏற்பாட்டை ஒத்திகை பாருங்கள். பெற்றோர் இருவரும் நலமாக இருக்கும்போதே, அக்கா வீட்டிலோ குறுகிய கால விடுதியிலோ முதலில் ஒரு பகல், பிறகு ஒரு இரவு, பிறகு ஒரு வாரம் என்று அவரைத் தங்கவையுங்கள். நோட்டைக் கூடவே அனுப்பி, அதில் எது விடுபட்டிருந்தது என்று கேட்டுவாருங்கள். “ஃபேன் இரண்டில் ஓடினால்தான் தூங்குகிறான், இதை எழுதவே இல்லையே” என்பார் அக்கா. அதையும் எழுதி, ஒரு நகலை அவர் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.