எண்ணெய் பாட்டிலுக்கு லேபிள்: எந்த அச்சு முறை சரி?

வீட்டில் செக்கு எண்ணெய், பொடி, ஊறுகாய் என்று தொழில் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தப் பிரின்டர் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். லேபிள் எதில் ஒட்டப்போகிறது, அங்கே எதையெல்லாம் தாங்க வேண்டும் என்று முடிவு செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நான் முதல்முறை நல்லெண்ணெய் பாட்டிலுக்குக் காகித ஸ்டிக்கர் ஷீட்டில், வீட்டு இங்க்ஜெட்டில் அடித்து ஒட்டினேன். வாயோரம் வழிந்த ஒரு சொட்டு எண்ணெயில் காகிதம் ஊறிப்போய், ஈரக்கை பட்ட இடத்தில் எழுத்தும் கலைந்துபோய், எல்லா பாட்டிலையும் சுரண்டி மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. அதனால் அந்த எண்ணெய் பாட்டிலையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அளவு. ஒரு காகிதத் துண்டைப் பாட்டிலில் சுற்றி, நேராக இருக்கும் பகுதியை மட்டும் அளந்துகொள்ளுங்கள். வளைவு தொடங்கும் இடத்துக்குச் சில மில்லிமீட்டர் முன்பே லேபிள் முடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் சுருங்கித் தூக்கிக்கொள்ளும்.

அடுத்து பொருள். பொடி டப்பாவுக்குக் குரோமோ பேப்பர் (பளபளப்பான காகித ஸ்டிக்கர்) போதும். எண்ணெய்க்கு அது வேண்டாம், பிபி எனப்படும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கேளுங்கள். கண்ணாடி மாதிரித் தெரிகிற ஸ்டிக்கர் ஆசையாக இருந்தால், அடியில் வெள்ளை மை அடிக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் அடித்தால் எண்ணெயின் நிறம் ஊடே தெரிந்து உங்கள் சிவப்பும் பச்சையும் மங்கிவிடும்.

இப்போது அச்சு முறை. இதை எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். ஐம்பது, நூறு என்றால் வீட்டிலோ கடையிலோ லேசர் பிரின்டர் போதும், டோனர் என்கிற மைப்பொடி சூட்டில் உருகி ஒட்டுவதால் தண்ணீருக்குக் கரையாது. ஆனால் லேசருக்கென்றே வருகிற பிளாஸ்டிக் ஷீட்டாகப் பார்த்து வாங்குங்கள், மற்றவை உள்ளே சூட்டில் சுருங்கிச் சிக்கிவிடும். சில நூறு என்றால் டிஜிட்டல் அச்சகம், அதற்குப் பிளேட் (நிறத்துக்கு ஒன்றாகச் செய்யும் அச்சுத் தகடு) செலவே இல்லை. ஆயிரக்கணக்கில் போகும்போதுதான் ஆஃப்செட், சிவகாசியில் பெரும்பாலும் ஓடுவது அதுதான். நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட், அப்புறம் மெஷின் செட்டிங். இந்தச் செலவு நூறு அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் ஒன்றுதான், அதனால் எண்ணிக்கை கூடக் கூட ஒரு லேபிளின் விலை இறங்கும். ரோல் ரோலாக, மெஷினில் ஒட்டும் அளவுக்கு வளர்ந்தால் ஃபிளெக்ஸோ (வளையும் பிளேட்டால் ரோலில் அடிக்கும் முறை) பக்கம் போகலாம், தொடக்கத்தில் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

தெர்மல் பிரின்டர் இரண்டு வகை, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கூரியர் சீட்டு அடிப்பது டைரக்ட் தெர்மல். மையே கிடையாது, காகிதம்தான் சூட்டில் கறுக்கிறது, அதனால் வெயிலிலும் சூட்டிலும் கெட்டுவிடும். இன்னொன்று ரிப்பன், அதாவது மை பூசிய நாடா, போட்டு அடிப்பது. காகிதத்துக்கு வாக்ஸ் (மெழுகு) ரிப்பன், பிபிக்கு ரெசின் (பிசின்) ரிப்பன். பிபியில் வாக்ஸ் அடித்தால் நகம் பட்டாலே உரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி அச்சகத்தையும் ரிப்பன் பிரின்டரையும் சேர்ப்பது. பெயர், படம், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் போன்ற மாறாதவற்றை அச்சகத்தில் மொத்தமாக அடித்துவிட்டு, தேதி, பேட்ச், விலைக்கு ஒரு வெள்ளைக் கட்டம் விட்டு, அதை ரிப்பன் பிரின்டரில் அவ்வப்போது அடித்துக்கொள்வது. இதற்கு லேபிள் ரோலாக வேண்டும் என்று அச்சகத்தில் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தக் கட்டத்தின் மேல் லேமினேஷனோ வார்னிஷோ வராமல் பார்க்கச் சொல்லுங்கள், ரிப்பன் மை அதில் சரியாகப் பிடிக்காது.

ஃபைல் அனுப்பும்போது நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறத்தை நீட்டி விடுங்கள், எழுத்துகளை ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே வையுங்கள். தமிழ் எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வரைகோடுகளாக, மாற்றித்தான் அனுப்ப வேண்டும், அச்சகக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். "ஹாஃப் கட்" வேண்டும் என்றும் சொல்லுங்கள், அடித்தாள் வெட்டுப்படாமல் ஸ்டிக்கர் மட்டும் வெட்டுப்பட்டு வரும்.

மொத்தமாக அடிக்கும் முன் நாலைந்து மாதிரி வாங்கி ஒட்டி, எண்ணெய் தொட்ட விரலால் தேய்த்து, நகத்தால் கீறி, ஜன்னலோரம் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் ஆர்டர் கொடுக்கலாம். ஒட்டுவதை எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். காலி பாட்டிலின் மூடியை இறுக்கி மூடினால் உள்ளே இருக்கும் காற்று அதை நசுங்க விடாது, நடுவில் அழுத்தி இரண்டு பக்கமும் தடவிக்கொண்டே போனால் குமிழி விழாது.