செத்த சுல்தானைப் போருக்கு அனுப்பாதீர்கள்: செல்ஜூக் வரலாறு எழுதுவோர் கவனத்துக்கு

சென்ற மாதம் ஓர் இளைஞர் செல்ஜூக் என்ற துருக்கிய வம்சத்துச் சுல்தான்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் திருத்தித் தரும்படி கொடுத்தார். நல்ல உழைப்பு. ஆனால் இரண்டாம் பக்கத்தில், அந்த வம்சத்தின் முதல் சுல்தான் துக்ரில் பெக் 1069-இல் பாக்தாதுக்குள் நுழைந்தார் என்றிருந்தது. துக்ரில் 1063-லேயே இறந்துவிட்டார். தவறு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. நானே விழுந்து எழுந்த குழிதான் அது.

ஒற்றுப்பிழைகளை விட்டுவிடுகிறேன். மெய்ப்புத் திருத்துபவர் பார்த்துக்கொள்வார்.

ஹிஜ்ரி ஆண்டோடு 622-ஐக் கூட்டுவது

செல்ஜூக்குகளைப் பற்றி முன்பு ஒரு சிறு நூல் எழுதினேன். செல்ஜூக்குகள் பைசாந்தியரை, அதாவது கிழக்கு ரோமப் பேரரசை, வென்ற மன்சிகெர்ட் போரின் ஆண்டை ஓர் அரபு வரலாற்றுக் குறிப்பின் மொழிபெயர்ப்பில் பார்த்தேன்: ஹிஜ்ரி 463. இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரி தொடங்கியது கி.பி. 622. கூட்டினேன், 1085 வந்தது. அந்தப் போரை வென்ற சுல்தான் அல்ப் அர்சலானின் மறைவை ஓர் ஐரோப்பிய நூலிலிருந்து எடுத்து, 1072 என்று அதே பக்கத்தில் நான்கு வரி தள்ளி எழுதியிருந்தேன். மூன்று முறை மெய்ப்புப் பார்த்தும் கண்ணில் படவில்லை. 500 பிரதிகள் அச்சாகி வந்தபின் ஒரு வாசகரின் அஞ்சலட்டை வந்தது: "செத்து 13 வருடம் கழித்து சுல்தான் எந்தக் குதிரையில் ஏறிப் போருக்குப் போனார்?" நானும் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்து பிரதி பிரதியாகத் திருத்தச் சீட்டு ஒட்டினோம்.

ஹிஜ்ரி ஆண்டு நிலவின் கணக்கு. ஏறத்தாழ 354 நாள்தான். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. சுமார் 33 ஆண்டுக்கு ஓராண்டு முந்திக்கொள்ளும். 463 ஆண்டுக்குள் 14 ஆண்டு. எனவே முதலில் 0.97-ஆல் பெருக்குங்கள், 449 வரும். பிறகு 622-ஐக் கூட்டினால் 1071. இதுவும் உத்தேசம்தான். ஹிஜ்ரி 463, 1070 அக்டோபரில் தொடங்கி 1071 செப்டம்பரில் முடிந்தது. மாதம் தெரியாவிட்டால் ஓராண்டு பிசகும். போர் நடந்தது துல்கஅதா மாதம், அதாவது 1071 ஆகஸ்ட். இளைஞர் பார்த்தது ஹிஜ்ரி 447; பெருக்கிக் கூட்டினால் 1055.

கணக்குத் தவறுவதைக்கூட மன்னித்துவிடுவேன். வந்த ஆண்டில் அந்த ஆள் உயிரோடு இருந்தாரா என்று ஒருமுறைகூடப் பார்க்க மாட்டேன் என்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ரூம்

செல்ஜூக் வரலாற்றில் "ரூம்" என்று வருவது இத்தாலியின் ரோம் அல்ல. கொன்யாவைத் தலைநகராகக் கொண்ட அனதோலியா, இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி.

மன்சிகெர்ட், மலாஸ்கிர்ட்

ஒரே ஊர்.

எல்லா அர்சலானும் ஒருவரே என்று நினைப்பது

அர்சலான் என்றால் சிங்கம். அந்த வம்சத்தில் சிங்கங்களுக்குப் பஞ்சமில்லை. 1097-இல் சிலுவைப் போர்ப் படையிடம் நிக்கேயாவை இழந்தவர் முதலாம் கிலிஜ் அர்சலான். 1176-இல் மிரியோகெஃபலோனில் பைசாந்தியப் பேரரசர் மானுவலை முறியடித்தவர் இரண்டாமவர். வெறுமனே "கிலிஜ் அர்சலான்" என்று எழுதினால் தோற்றவரும் வென்றவரும் ஒருவராகிவிடுவார்கள்.

1071-ஓடு அனதோலியா விழுந்ததாக எழுதுவது

மன்சிகெர்ட் போரில் சிறைப்பிடித்த பைசாந்தியப் பேரரசர் ரொமானோஸை அல்ப் அர்சலான் உடன்படிக்கை செய்து விடுவித்துவிட்டார். அவரைப் பதவியிறக்கிக் கண்களைப் பறித்தவர்கள் அவருடைய சொந்த நாட்டவரே. அதைத் தொடர்ந்த உள்நாட்டுச் சண்டைகளில், எதிரெதிர்த் தரப்புகள் துணைக்குக் கூலிப்படையாக அழைத்ததும் துருக்கியரைத்தான்.