கவுன்டரிலிருந்து கடைச் சாவி வரை: பதவி உயர்வைத் தள்ளிப்போடும் தவறுகள்

சிங்கப்பூரில் சில்லறைக் கடையில் கேஷியராகவோ விற்பனை உதவியாளராகவோ சேருபவருக்கு ஏணியின் முதல் மூன்று படிகள் எழுத்திலேயே இருக்கின்றன. 2022 செப்டம்பர் 1 முதல் இத்துறையில் நடப்பிலுள்ள படிப்படியான சம்பள உயர்வு முறை, தொடக்க நிலை, மூத்த நிலை, மேற்பார்வையாளர் நிலை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கிறது. தொடக்க நிலைக்கு அன்று 1,850 வெள்ளி; 2024 செப்டம்பரில் அது 2,175 வெள்ளி ஆனது. வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களில் வேலை செய்யும் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது பொருந்தும்.

ஆனால் இந்த முறை சம்பளத்தைத்தான் ஏற்றுகிறது. யாரை அடுத்த படிக்குக் கொண்டுபோவது என்பதைக் கடை மேனேஜர்தான் முடிவு செய்கிறார். அப்போது அவர் மனதில் ஓடும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ராத்திரி கடையை இவரிடம் விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகலாமா?" நன்றாக உழைக்கிற பலர் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதற்குக் காரணம், இந்தக் கேள்விக்கு "போகலாம்" என்று சொல்ல அவர்கள் இடம் கொடுக்காததுதான்.

கல்லா குறைந்தால் சொந்தக் காசைப் போட்டுச் சரிக்கட்டுவது

நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகளில் இது மிக மோசமானது. நாள் முடிவில் 20 வெள்ளி குறைகிறது. திட்டு வாங்க மனமில்லாமல் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். கணக்கு நேராகிவிடும், ஆனால் தவறு எங்கே நடந்தது என்ற தடயம் அழிந்துவிடும். மறுநாள் அதே 20 வெள்ளி கூடுதலாக எங்காவது தலைகாட்டினால் பதில் சொல்ல முடியாது. கேமராவில் ஒருவர் பர்ஸுக்கும் கல்லாவுக்கும் இடையே கையை நீட்டுவது எப்படித் தெரியும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

முறைப்படி செய்தால் பத்து நிமிட வேலை. கல்லாவில் உள்ளதை நோட்டு வாரியாக, காசு வாரியாக எண்ணித் தாளில் எழுதுங்கள். மொத்தம் 1,486.50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். காலையில் சில்லறைக்காக வைத்த 200 வெள்ளியைக் கழித்தால் 1,286.50. கணினி சொல்லும் ரொக்க விற்பனை 1,306.50. குறைவது 20.

இப்போது மறுபடி மறுபடி பணத்தை எண்ணிக்கொண்டிருக்காமல் முதலில் நெட்ஸ் எனும் அட்டைக் கட்டண இயந்திரத்தின் நாள் முடிவுச் சீட்டைப் பாருங்கள். கணினியில் பதிவான நெட்ஸ் தொகையைவிட அந்தச் சீட்டில் 20 வெள்ளி அதிகமாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது. யாரோ அட்டையில் செலுத்தியதை ரொக்கம் என்று அழுத்தியிருக்கிறார்கள். பணம் எங்கும் போகவில்லை. அங்கே இல்லையென்றால் ரத்து செய்த பில்களையும் திருப்பிக் கொடுத்த தொகைகளையும் பாருங்கள். குறைவது சரியாக 40 என்றால் 10 வெள்ளி நோட்டை 50 என்று நினைத்து மீதி கொடுத்திருக்கலாம். 8 என்றால் 2 வெள்ளியை 10 என்று எண்ணியிருக்கலாம். கையால் எழுதும் கணக்கில் வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், 54 என்பதை 45 என்று எழுதியதுபோல் இலக்கம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியும் கிடைக்கவில்லையா? "20 குறைவு, இன்னின்ன பார்த்தேன், கிடைக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். மேனேஜருக்குத் தேவையானது குறையே வராத ஆள் அல்ல. குறை வந்தால் மறைக்காமல் சொல்லும் ஆள்.

ஒரு பாக்கெட்டை ஸ்கேன் செய்து 6 என்று அழுத்துவது

வாடிக்கையாளர் முறுக்கு, தட்டை, மிக்சர், ஓமப்பொடி, காராசேவ், பக்கோடா என்று ஆறு பாக்கெட் எடுத்து வருகிறார். எல்லாமே 3.50 வெள்ளி. வரிசை நீளமாக இருப்பதால் கேஷியர் முறுக்கை மட்டும் ஸ்கேன் செய்து 6 என்று அழுத்துகிறார். மொத்தத் தொகை சரி. ஆனால் கணினியின் கணக்கில் முறுக்கு உண்மையில் இருப்பதைவிட ஐந்து குறைவு, மற்ற ஐந்து வகைகளும் ஒவ்வொன்று கூடுதல். இப்படிப் பத்து முறை நடந்தால் தட்டை வைக்கும் தட்டு காலியாகியிருக்கும், கணினியோ இன்னும் பத்து இருக்கிறது என்று சொல்லும். இருப்பதாக நினைப்பதால் ஆர்டர் போகாது. வாடிக்கையாளர் "தட்டை இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார்.

கவுன்டரில் நிற்பவருக்கு இது தெரியாது, ஏனென்றால் ஸ்டாக் பார்ப்பது வேறொருவர் வேலை என்று விட்டுவிடுகிறார். மேலே போக நினைப்பவர் அப்படி விடக்கூடாது. தினம் பத்து பொருள்களை மட்டும் எடுத்து, தட்டிலும் ஸ்டோரிலும் உள்ளதை எண்ணி, கணினி எண்ணோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். மாதத்தில் கடையின் முக்கியமான பொருள்கள் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். எது அடிக்கடி தப்புகிறது என்று தெரிந்த பிறகு நீங்கள் பேசுவதற்குக் கடையில் மதிப்பே வேறு.

ஆர்டர் போடுவதும் அப்படித்தான். தட்டு காலியான பிறகு சொல்வது தாமதம். 5 கிலோ பொன்னி அரிசி நாளுக்கு 4 மூட்டை போகிறது, சரக்கு வர 3 நாள் ஆகிறது என்றால் அதற்கு 12 மூட்டை வேண்டும். லாரி தாமதமானால் சமாளிக்க 2 நாளுக்கு 8 மூட்டை. ஆக 20 மூட்டை மிச்சம் இருக்கும்போதே ஆர்டர் போக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விற்பனை இரண்டு மடங்கானால் அந்த எண் 40. தயிர், பால் போன்றவற்றில் புதிய சரக்கை முன்னால் அடுக்கும் அவசரமும் வேண்டாம். தேதி முந்தியது முன்னால், பிந்தியது பின்னால்.

எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்வது

"அவர் இல்லாவிட்டால் கடை ஓடாது" என்று பெயர் வாங்குவது பெருமையாகத் தெரியும். அதே பெயர்தான் உங்களை அங்கேயே கட்டிப் போடுகிறது. உங்களை மேலே தூக்கினால் அந்த இடம் காலியாகும், நிரப்ப ஆளில்லை என்று மேனேஜர் பயப்படுவார். உங்கள் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள். காசு எண்ணுவது, சரக்கு இறங்கும்போது டெலிவரி ஆர்டரோடு சரிபார்ப்பது, விலைச்சீட்டு மாற்றுவது என்று ஒவ்வொன்றாக.

உங்களைவிட வயதில் மூத்தவர்களிடம் வேலை சொல்லும் இடத்தில்தான் நம்மவர்களில் பலர் தடுமாறுகிறார்கள். ஒன்று, சொல்லத் தயங்கித் தானே செய்துவிடுவது. இல்லையென்றால், சட்டையில் புதுப் பட்டை வந்தவுடன் குரலை உயர்த்துவது. "அக்கா, நாலு மணிக்குள்ள மூணாவது வரிசை விலைச்சீட்டு மாத்தணும். நீங்க அதைப் பாத்துக்கிறீங்களா, நான் கவுன்டர்ல நிக்கிறேன்" என்றால் மரியாதையும் குறையாது, வேலையும் நேரமும் தெளிவாகிவிடும். யார், எதை, எத்தனை மணிக்குள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

எண்களைப் பார்க்காமல் "இன்னைக்கு நல்ல கூட்டம்" என்பது

கூட்டம் வேறு, விற்பனை வேறு. ஒரு துணிக்கடைக்குள் ஒரு நாளில் 400 பேர் வந்து 96 பில் போடப்பட்டால், வந்தவர்களில் 24 விழுக்காட்டினர் வாங்கியிருக்கிறார்கள். மொத்த விற்பனை 3,840 வெள்ளி என்றால் ஒரு பில்லுக்குச் சராசரி 40. உடை போட்டுப் பார்க்கும் அறைக்கு வெளியே ஒருவரை நிறுத்தி அளவு மாற்றிக் கொடுக்கச் சொன்னால் 24 என்பது 28 ஆகலாம். அப்போது 112 பில், 4,480 வெள்ளி. அதே கூட்டத்தில் 640 வெள்ளி கூடுதல். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுபவரை எந்த மேனேஜரும் மறக்க மாட்டார்.

கூடவே, செய்ததை எழுத்தில் வைக்கும் பழக்கமும் வேண்டும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். தலைமை அலுவலகத்துக்குப் போவது எழுத்துதான். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, நான் என்ன செய்தேன், இனி என்ன தேவை என்று எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி போதும்.

சட்டம் மேனேஜருக்கு மட்டும் என்று நினைப்பது

இரவு ஷிப்டில் கடைக்குப் பொறுப்பு நீங்கள்தான். கடையில் வாங்கி எடுத்துச் செல்லும் மதுபானத்தை இரவு 10.30 மணிக்குப் பிறகு விற்கக்கூடாது. லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம் என்பதால் வார இறுதியில் அங்கே கட்டுப்பாடு இன்னும் கூடுதல். புகையிலைப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் குறைந்தபட்ச வயது 21. "தெரிந்த பையன்தான்" என்று அடையாள அட்டை பார்க்காமல் விற்ற ஒரே ஒரு சிகரெட் பெட்டி, கடையின் உரிமத்தையே பாதிக்கலாம்.

பொருளைத் திருப்பிக் கொண்டுவருபவரிடம் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டி அனுப்புவதும் தவறு. 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள, குறைபாடுள்ள பொருள்களை வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் லா விதிகளின்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் குறைபாடு, விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடை. முதலில் பழுதுபார்ப்பது அல்லது மாற்றித் தருவது, அது முடியாதபோது விலைக் குறைப்பு அல்லது பணம் திருப்புவது என்ற வரிசை தெரிந்தவர் கவுன்டரில் சத்தம் வளர விடமாட்டார்.

பட்டத்தைப் பார்த்துச் சம்பளக் கணக்கைப் பார்க்காமல் விடுவது

இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பதவி கிடைத்த பிறகு கையில் வரும் காசு குறைந்து பலர் நொந்துபோகிறார்கள். வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதிதான் வாரத்துக்கு 44 மணி நேரம், ஓய்வு நாள், ஒன்றரை மடங்கு ஓடி (கூடுதல் நேரச் சம்பளம்) ஆகியவற்றைச் சொல்கிறது. கடை ஊழியர்களைப் பொறுத்தவரை அது அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி வரை உள்ளவர்களுக்குத்தான். மேனேஜர், நிர்வாகி நிலையில் உள்ளவர்களுக்கு அந்தப் பகுதி பொருந்தாது.

அடிப்படைச் சம்பளம் 2,400 என்று கொள்வோம். அதை 12ஆல் பெருக்கி, 52ஐயும் 44ஐயும் பெருக்கி வரும் 2,288ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 12.59 வெள்ளி. ஒன்றரை மடங்கு 18.88. மாதம் 20 மணி நேர ஓடிக்குச் சுமார் 378 வெள்ளி. இப்போது 2,700 வெள்ளியில் துணை மேனேஜர் பதவி தருகிறார்கள். 300 ஏறியது, 378 போனது. நேரமோ குறையப்போவதில்லை. அதற்காகப் பதவியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. பண்டிகைக் காலக் கூடுதல் நேரத்துக்கு ஈடாக விடுப்பு உண்டா, விற்பனை இலக்குக்கு ஊக்கத்தொகை உண்டா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

"நான் மூணு வருஷமா இருக்கேன்" என்று கேட்பது

வருடக் கணக்கு ஒரு காரணமே அல்ல. கேட்கும் நேரமும் முக்கியம்: ஆண்டு மதிப்பீடு முடிந்து சம்பளம் முடிவான பிறகு கேட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் முன்பே ஒரு பக்கத் தாளோடு போங்கள். அதில் கல்லா வித்தியாசம், ஸ்டாக் எண்ணிக்கையில் கண்டுபிடித்தவை, பழக்கிவிட்ட ஆள்கள். பிறகு, "அடுத்த மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு குளோசிங் ஷிப்டை என் பொறுப்பில் கொடுங்க, ரோஸ்டரையும் (யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணை) நான் போட்டுப் பாக்கிறேன்" என்று குறிப்பாகக் கேளுங்கள். ரோஸ்டர் போடும்போது தீபாவளி விடுப்பை இரண்டு மாதம் முன்பே பேசி முடிப்பதும், யாராவது எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் கூப்பிட ஒருவரைக் குறித்து வைப்பதும் கவனிக்கப்படும்.

பயிற்சிக்கு, நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியின் சிங்கப்பூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் ரீட்டெய்ல் ஸ்டடீஸ் வகுப்புகளைப் பாருங்கள். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம், பயிற்சிக் கட்டணத்துக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது. குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

வேலை அனுமதியில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வொர்க் பர்மிட்டில் குறிப்பிட்ட வேலையை மட்டுமே செய்யலாம். வாய்வார்த்தையில் "நீதான் இனி சூப்பர்வைசர்" என்று சொன்னால் போதாது. நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான எஸ் பாஸுக்கு மாற வேண்டுமென்றால் முதலாளிதான் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2025 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடக் கூட அதுவும் கூடும். சேவைத் துறையில் ஒரு நிறுவனத்தின் மொத்த ஊழியர்களில் எஸ் பாஸ் ஊழியர்களுக்கு 10 விழுக்காடு வரம்பும் உண்டு. "ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறதா?" என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கடிதம். புதிய பதவியின் பெயர், பொறுப்புகள், அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், ஓய்வு நாள், எந்தத் தேதியிலிருந்து என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து, அடிப்படைச் சம்பளமும் மசேநி (மத்திய சேமநிதி) தொகையும் பொருந்துகின்றனவா என்று அன்றே பாருங்கள்.