அலை ஓய்ந்த கடலை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது எப்படி?

ராமேசுவரத்தில் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். காற்று விழுந்த காலையில் அங்கே தண்ணீர் கரையை நனைப்பதோடு சரி. எண்ணெய் வண்ணம் பழகுபவர்கள் அதில் தொடங்கலாம். நுரையோடு போராட வேண்டாம், வெளிர்-அடர்வு சரியாக வந்தால் படம் நிற்கும்.

ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிக்க முதலில் பூசும் வெள்ளைத் தளப்பூச்சு) பூசிய 16×12 அங்குல கேன்வாஸை எடுத்துக்கொள்ளுங்கள். டைட்டானியம் ஒயிட் (வெள்ளை), அல்ட்ராமரின் (ஆழ்நீலம்), செருலியன் (வான்நீலம்), விரிடியன் (நீலப்பச்சை), எல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) போதும். கறுப்பு வேண்டவே வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்து தரும் கருமைதான் கடலோடு ஒட்டும்.

படி 1: பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, துணியால் தேய்த்துக் காயவிடுங்கள். வெள்ளைப் பரப்பில் எந்த நிறமும் அடர்வாகத் தெரிந்து ஏமாற்றும்.

படி 2: கீழ்விளிம்பிலிருந்து 5 அங்குலத்தை இரு ஓரத்திலும் அளந்து தொடுவானக் கோடு போடுங்கள். கண்ணளவை நம்பாதீர்கள். கோடு இம்மி சாய்ந்தாலும் கடல் ஒரு பக்கம் வழிவதுபோல் இருக்கும்.

படி 3: வானம். மேலே அல்ட்ராமரினும் வெள்ளையும், நடுவே செருலியன், அடியில் வெள்ளையோடு துளி ஓக்கர். ஓக்கர் நீலத்தில் அதிகம் கலந்தால் பச்சை தட்டும். பட்டை பட்டையாக வைத்து, சேருமிடத்தை மட்டும் உலர்ந்த பிரஷால் வருடுங்கள்.

படி 4: கடல். பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். தொடுவானத்தில் கருநீலக் கோடு இழுத்துவிடுவார்கள். தூரத்துத் தண்ணீரை நாம் மிகச் சாய்வாகப் பார்க்கிறோம். அமைதியான நீர் அங்கே அடிவானத்தின் வெளிச்சத்தைத்தான் பிரதிபலிக்கும். அதனால் வானத்தைவிட ஒரே ஒரு படி அடர்வு போதும். காலடியில் பார்வை செங்குத்தாக இறங்குவதால் அடிமணல் தெரியும்: அங்கே விரிடியன், ஓக்கர், வெள்ளை. தூரம், நடு, கரை மூன்றுக்கும் கலவையை முன்பே பேலட்டில் (வண்ணம் கலக்கும் தட்டில்) தயார் செய்யுங்கள்.

ஈரம் இருக்கும்போதே மென்மையான உலர்ந்த தட்டை பிரஷை தொடுவானத்தில் கிடைமட்டமாக ஒரே முறை இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் பிரஷைத் துடையுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் மூடுபனி ஆகிவிடும். அடுத்த படியில் வரையப்போகும் படகுக்கு அருகே மட்டும் கோடு கூர்மையாக இருக்கட்டும். படகை வரைந்தபின் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். படகுக்கு முன்பே கோடு கண்ணில் பட்டால் அது இன்னும் அடர்வு.

படி 5: நாட்டுப்படகு. தண்ணீரில் அதன் பிரதிபலிப்பு நேர் கீழே விழும். கருத்த பகுதியின் பிரதிபலிப்பு சற்று வெளிர். வெள்ளைப் பட்டையுடையது சற்று மங்கல். இரண்டு மூன்று கிடைக்கீற்றுகளால் அதை வெட்டினால் தண்ணீர் வந்துவிடும்.

அடிப்பூச்சில் டர்பன்டைன் மட்டும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் மேல்பூச்சுகளில் சில துளிகள். மாற்றிச் செய்தால், மேலே காய்ந்தபின்னும் அடியில் அசைவு இருந்து வெடிப்பு விழும்.

பிற்சேர்க்கை: காய்ந்தபின் அடர்நிறங்கள் திட்டுத்திட்டாக வெளுப்பதாகப் பலர் கேட்கிறார்கள். அடித்தளம் எண்ணெயை உறிஞ்சியதுதான் காரணம். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும் லின்சீட்டை மிக மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, வெளியே விரித்துக் காயவைத்தோ அப்புறப்படுத்துங்கள்.