ஊரில் ஒருவருக்கும் தடுப்பூசித் தவணை விடுபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஒரு குடியிருப்பில் பலருக்குத் தடுப்பூசித் தவணைகள் விடுபட்டிருப்பது தெரியவந்ததும், அங்குள்ளவர்கள் தடுப்பூசிக்கு எதிரானவர்கள் என்று முடிவுகட்டிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. ஆனால் விடுபட்டவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசிப் பார்த்தால், பிடிவாதமாக மறுப்பவர்கள் சிலரே என்பது விளங்கும். மற்றவர்களில் அட்டையைத் தொலைத்தவர்கள் இருப்பார்கள். வீடு மாறி வந்தவர்கள் இருப்பார்கள். வேலை நேரத்தில் மட்டுமே திறந்திருக்கும் மருத்துவமனைக்கு ஒரு நாள் கூலியை இழந்து போக முடியாதவர்களும், இரண்டாம் தவணை ஒன்று உண்டு என்பதையே அறியாதவர்களும் இருப்பார்கள். இவர்களிடம் தடுப்பூசியின் பெருமையை எடுத்துரைப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. யாருக்கு எது தடையாக இருக்கிறது என்பதை அறிவதே முதல் வேலை.

அதற்குச் சுகாதாரப் பணியாளரோடு சேர்ந்து வீடு வீடாகச் செல்வதுதான் சிறந்த வழி. "எல்லா ஊசியும் போட்டாயிற்றா?" என்று கேட்டால், "போட்டாயிற்று" என்றே பதில் வரும், அதில் பொய்யும் இல்லை, ஏனெனில் அவர்களுக்குத் தெரிந்தவற்றைப் போட்டுவிட்டார்கள். அட்டையை வாங்கி, கட்டம் கட்டமாகப் பாருங்கள். பிறந்த நாளன்றும் அடுத்து வந்த மாதங்களிலும் போட்டவற்றுக்கெல்லாம் தேதி எழுதியிருக்கும். ஒரு வயதைத் தாண்டிய பிறகு வரும் கட்டங்களே பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். வெற்றுக் கட்டத்தை விரலால் சுட்டிக் காட்டி, அது எந்த நோய்க்கானது என்று சொன்னால் போதும், பல பெற்றோர் அப்போதே நாள் கேட்பார்கள். அட்டை இல்லாதவர்களுக்கு மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து விவரம் பெற உதவ வேண்டும். இவ்வாறு திரட்டும் விவரங்களை அக்கம்பக்கத்தாரிடம் பேசுவது அறவே கூடாது. ஒரு வீட்டின் செய்தி வெளியே கசிந்தால் அடுத்த வீட்டின் கதவு திறக்காது.

இரண்டு தவறான எண்ணங்களை இந்தச் சந்திப்பிலேயே போக்கிவிடலாம். இடையில் ஒரு தவணை விடுபட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அஞ்சி விலகி நிற்பவர்கள் பலர். வழக்கமான தடுப்பூசிகளில் ஏறத்தாழ அனைத்தையும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். லேசான சளி, இருமல் இருந்தால் ஊசி போடக் கூடாது என்பதும் சரியன்று. கர்ப்பம், நோய் எதிர்ப்பாற்றல் குறைவு, முன்பு ஏற்பட்ட கடும் ஒவ்வாமை போன்றவை இருந்தால் மட்டும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பெரியவர்களின் தவணைகளை யாரும் கேட்பதே இல்லை, நீங்கள் கேளுங்கள். டெட்டனஸ், தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு காலப்போக்கில் குறைவதால், 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊக்கத் தவணை போடுவது பல நாடுகளில் வழக்கம். இன்ஃபுளுவென்சா வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் அதற்கான ஊசி ஆண்டுதோறும் தேவைப்படுகிறது. கர்ப்பிணிக்குப் போடப்படும் கக்குவான் இருமல் தடுப்பூசி, தாயிடம் உருவாகும் எதிர்ப்பொருள் வழியாக, சொந்தத் தடுப்பூசி போடும் வயது வராத பச்சிளங்குழந்தையைக் காக்கிறது.

'என் பிள்ளைக்குப் போடாவிட்டால் ஊருக்கென்ன?' என்று கேட்பவருக்குத் தட்டம்மையைக் கொண்டு விளக்குங்கள். எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களிடையே ஒரு தட்டம்மை நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக்கூடும். அது பரவாமல் தடுக்க நூற்றுக்கு 95 பேராவது எதிர்ப்பாற்றல் பெற்றிருக்க வேண்டும். இரு தவணைகளும் போட்டவர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினருக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது. ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைக்கும், புற்றுநோய் சிகிச்சை பெறுபவருக்கும் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசியே காவல். டெட்டனஸ் இதற்கு விலக்கு: அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை, மண்ணிலிருந்து காயத்தின் வழியே நுழைகிறது. ஆகவே ஊரார் அத்தனை பேரும் ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவருக்கு அதனால் பாதுகாப்பில்லை.

தயங்குபவரிடம் பேசும் முறையில்தான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கின்றன. "போன முறை ஊசி போட்டதும் குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல், இராத்திரி முழுக்க அழுதது" என்று ஒரு தாய் சொன்னால், "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று மறுமொழி கூறாதீர்கள். அந்த இரவு அவருக்கு ஒன்றுமில்லாததாக இருக்கவில்லை. "ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீர்கள் அம்மா; அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். பிறகு, "ஏன் காய்ச்சல் வருகிறது என்று சொல்லட்டுமா?" என்று அவருடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டு, உடல் எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ளும்போது ஓரிரு நாள் காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வலியும் வரலாம் என்பதையும், காய்ச்சல் வந்தால் என்ன மருந்து, எவ்வளவு கொடுக்கலாம் என்று பணியாளர் சொல்லித் தருவார் என்பதையும் விளக்குங்கள். கடும் ஒவ்வாமை மிக அரிது. ஏறத்தாழ 10 இலட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் நேர்கிறது. ஊசி போட்ட பின் 15 முதல் 30 நிமிடம் காத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான் என்பதை மறைக்காமல் கூறுங்கள். முதல் சந்திப்பிலேயே சம்மதம் வாங்கியாக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

வதந்தியைச் சொல்லிச் சொல்லி மறுப்பது அதையே நினைவில் பதியவைக்கக்கூடும். உண்மையை முதலில் சொல்லி, தவறு எங்கே என்று ஒரு முறை காட்டி, மீண்டும் உண்மைக்கு வாருங்கள். தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருவதில்லை. பல இலட்சம் குழந்தைகளை ஆராய்ந்தும் அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. தொடர்பு இருப்பதாக ஐயம் எழுப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. கடந்த 50 ஆண்டுகளில் தடுப்பூசிகள் 15.4 கோடி உயிர்களைக் காத்திருப்பதாக 2024-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்த எண் கூட்டத்தில் எடுபடும். வீட்டு வாசலில் நிற்கும்போது அந்த ஒரு குழந்தையைப் பற்றிப் பேசுவதே பலன் தரும்.

சம்மதித்தவர் மையத்துக்கு வந்து சேருவது தனி வேலை. மாலை நேரத்திலோ விடுமுறை நாளிலோ முகாம் நடத்தச் சொல்லி நிர்வாகத்திடம் விடாமல் கேளுங்கள். 'விரைவில் வாருங்கள்' என்ற பொதுவான செய்தியைவிட, குழந்தையின் பெயர், தவணை, நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு முன்தினம் அனுப்பும் நினைவூட்டல் நன்றாக வேலை செய்யும். வயதான ஒருவரை அழைத்துவர ஆள் இல்லையென்றால் அதற்கும் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

ஊசி போட்டதும் அட்டையில் தேதி எழுதப்பட்டதா, அடுத்த தவணையின் நாள் குறிக்கப்பட்டதா என்று அங்கேயே சரிபாருங்கள். மறுநாள், "குழந்தை எப்படி இருக்கிறது?" என்று விசாரியுங்கள். புதிதாகப் பிறந்த குழந்தைகள், புதிதாகக் குடிவந்தவர்கள், ஊக்கத் தவணைக் காலம் வந்த பெரியவர்கள் ஆகியோரைச் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியலைப் புதுப்பித்து, வெற்றுக் கட்டம் உள்ள வீடுகளுக்கு மட்டும் மறுபடி செல்லுங்கள்.