உள்ளாட்சித் தரவை வெளியிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நகராட்சி, ஊராட்சிக் கணக்குகள் மக்கள் கைக்குப் போக வேண்டும் என்று இப்போது நிறைய இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் நடந்த அதே தவறுகள் திரும்பவும் நடக்கின்றன. ஸ்கேன் செய்த பிடிஎஃப் உதவாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வார்டு எண்ணை மட்டும் நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். வார்டு எண் மாறும். 2011-இல் சென்னை மாநகராட்சி விரிவடைந்தபோது பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது, 155 வார்டுகள் 200 ஆயின. பழைய 100-ஆவது வார்டு வேறு, புதிய 100-ஆவது வார்டு வேறு.

ஒரு நகராட்சியில் தெருவிளக்குச் செலவை ஆண்டுவாரியாக ஒரே எக்செல் தாளில் சேர்த்தார்கள். நடுவில் மறுவரையறை நடந்து வார்டு எல்லைகள் மாறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு வார்டுக்குச் செலவு பாதியாகக் குறைந்ததாகத் தெரிந்தது. மக்கள் அந்தத் தாளோடு கவுன்சிலரைப் பிடித்துக்கொண்டார்கள். பொறியாளர் தெருப் பட்டியலை எடுத்துக் காட்டினார்: பாதித் தெருக்கள் அடுத்த வார்டுக்குப் போயிருந்தன. பணம் எங்கேயும் குறையவில்லை. தாளைத் திருத்துவது ஒரு மணி நேர வேலை. ஆனால் “கொடுத்தால் இப்படித்தான் செய்வீர்கள்” என்று அலுவலகம் அதன் பிறகு எதையும் தர மறுத்துவிட்டது. தவறு நம் பக்கம் இருந்ததால் வாதாடவும் முடியவில்லை. தர மனமில்லாத அதிகாரிக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

நம் வீட்டுக் கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருக்கும் அல்லவா? தரவிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். வார்டு எண்ணுக்குப் பக்கத்தில் எந்த மறுவரையறைப்படி என்று ஒரு நெடுவரிசை, அப்புறம் தெருப் பெயருக்கு ஒரு நெடுவரிசை. வார்டு எல்லை அறிவிப்பு வந்த அரசிதழையும் சேர்த்து வையுங்கள். ஊராட்சி என்றால் பெயரோடு மத்திய அரசு ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் கொடுத்திருக்கும் குறியீட்டு எண்ணையும் (LGD code) போடுங்கள். ஒரே பெயரில் எத்தனை புதுப்பட்டிகள் இருக்கின்றன!

பழைய எழுத்துருவை அப்படியே ஏற்றுவது

வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு வேறு கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுங்கள். மாற்றியதும் ‘ொ’, ‘ோ’ வரும் சொற்களைக் கண்ணால் சரிபாருங்கள்.

பயனாளிகளின் ஆதார், வங்கிக் கணக்கு எண்கள்

நீக்குங்கள். இதில் பேச்சே இல்லை.

எடுத்ததும் தகவல் மனு போடுவது

தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, வரவுசெலவுத் திட்டம் போன்றவற்றை யாரும் கேட்காமலே வெளியிடுவது அலுவலகத்தின் கடமை. அதைச் சொல்லி முதலில் எழுத்தரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இணையத்தோடு நிறுத்திவிடுவது

கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே, கணக்கை ஒரு பக்கத்தில் அச்சடித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். தெருப் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.