மனம் ஒட்டாத நாளிலும் வேலை நகர, ஒரு கரண்டி உறைமோர்

ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "லேப்டாப்பைத் திறந்தாலும் கை ஓட மாட்டேங்குது, என்ன பண்றது?" நான் பாலக்கோட்டில் வீட்டில் இருந்தபடியே சப்டைட்டிலும் மொழிபெயர்ப்பும் செய்கிறேன். இந்த வேலையில் மேலதிகாரி கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. மனம் ஒட்டாத நாளில் நம்மைப் பிடித்து உட்கார வைக்கவும் ஆள் கிடையாது. அப்படிப்பட்ட நாளை நான் எப்படி ஓட்டுகிறேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். தொடங்க வேண்டியது முந்தின நாள் மாலையில்.

படி 1: மாலையிலேயே உறை எடுத்து வையுங்கள்

எங்கள் வீட்டில் எவ்வளவு தயிர் செலவானாலும் அடியில் ஒரு கரண்டி மிச்சம் வைப்பார்கள். அடுத்த பாலுக்கு அதுதான் உறை. வேலைக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஒரு பகுதியை முழுசாக முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரிகிற இடத்தில், பாதியில் நிறுத்துங்கள்.

நேற்று ஒரு விவசாய வீடியோவுக்கு சப்டைட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். 214ஆம் வரியைப் பாதி அடித்ததோடு நிறுத்தினேன். தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்: "214 – சொட்டுநீர்க் குழாய் அடைப்பு, பின்பாதி பாக்கி. 215இல் பேசுபவர் மாறுகிறார்." தாளை மூடிய லேப்டாப் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அரை வரிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கை தானாக 215க்குப் போய்விட்டது.

மரியா ஓவ்சியான்கினா என்ற உளவியலாளர் 1928இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. வேலையை நடுவில் நிறுத்த வைத்தால், யாரும் சொல்லாமலே பெரும்பாலோர் அதைத் திரும்ப எடுக்கப் பார்க்கிறார்கள்.

படி 2: எது தடுக்கிறது என்று பாருங்கள்

தூக்கம் போதவில்லையா? செய்யச் சொன்னதே சரியாகப் புரியவில்லையா? புரியவில்லை என்றால் க்ளையன்ட்டிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். பல நாள் நான் சோம்பல் என்று நினைத்தது, உண்மையில் வராத பணத்தைப் பற்றிய கவலை. ஒருமுறை இரண்டு மாதம் பாக்கி நின்றது. கேட்கத் தயங்கித் தயங்கியே மற்ற வேலைகளும் கெட்டன. இப்போது அப்படித் தோன்றினால் முதலில் இதை அனுப்பிவிடுகிறேன்: "வணக்கம். மார்ச் 3 அன்று அனுப்பிய இன்வாய்ஸுக்குப் பணம் இன்னும் வரவில்லை. எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்." இதில் தப்பே இல்லை. அது நம் உழைப்பின் கூலி.

படி 3: ஒரு தக்காளி நேரம்

பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் 1980களின் இறுதியில், தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துப் படித்தார். அதனால்தான் அந்த முறைக்கு பொமொடோரோ என்று பெயர். இத்தாலிய மொழியில் தக்காளி என்று பொருள். தக்காளிச் சந்தை உள்ள ஊர்க்காரனான எனக்கு அந்தப் பெயரே பிடித்துப்போனது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. அப்படி நான்கு சுற்று ஆனதும் கொஞ்சம் நீண்ட ஓய்வு. போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். 25 நிமிடமே மலைப்பாக இருந்தால் 10 வைத்துக்கொள்ளுங்கள், சரிதான்.

படி 4: எதுவுமே ஓடாவிட்டால்

மூளைக்கு வேலை இல்லாத வேலைகளை அந்த நாளுக்கென்று ஒதுக்கி வையுங்கள்: ஃபைல்களுக்குப் பெயர் மாற்றுவது, ரசீதுகளை அடுக்குவது, அடிக்கடி வரும் சொற்களுக்குப் பட்டியல் போடுவது. கெடு தள்ளிப்போகும் என்று தெரிந்தால் அன்றைக்கே க்ளையன்ட்டுக்குச் சொல்லிவிடுங்கள். கடைசி நாள் இரவில் சொன்னால் அடுத்த வேலை வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் டைமரால் அது சரியாகாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.